ஊறுகாய் ஜாடியும் ஏப்ரல் ஆறும்

1

இன்று ஏப்ரல் ஆறு, திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு, என் மாமனார் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க முற்றத்தில் வந்து நின்றேன். எங்கள் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் நடுவில் நாற்பது அடி. இங்கிருந்தே அவருடைய சமையலறை ஜன்னல் தெரியும். ஐந்தரைக்கெல்லாம் அங்கே விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

சிரிக்காதீர்கள். நாலு மாதமாக இதுதான் என் முதல் வேலை. பல் துலக்குவது இரண்டாவது. வழக்கமாக அவர் விளக்கைப் போட்டு, கெட்டிலை வைத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் திட்டு காதில் விழுந்ததும் எனக்கு மூச்சு வரும். இன்று விளக்கும் இல்லை, திட்டும் இல்லை. 

ஏன் ஏப்ரல் ஆறு என்பீர்கள். இங்கிலாந்தில் வரிக்கு மட்டும் புது வருஷம் ஏப்ரல் ஆறில்தான் பிறக்கிறது. பயிர் நிலத்தின் வாரிசு வரிக்கான புது விதியும் இன்றுதான் பிறந்தது. ‘நேற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் வரி இல்லை, இன்றைக்குப் போனால் உண்டு’ என்று ஒரு கணக்கு என் மாமனார் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து அது டிசம்பரிலிருந்து. அவருக்குத் தெரிந்து எப்போதிலிருந்தோ.

அந்த நாற்பது அடியை நான் கடப்பதற்குள் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். என் கால் அவ்வளவு மெதுவாகத்தான் நகர்ந்தது.

2

நான் விருத்தாசலத்துக்காரன். பீங்கான் தொழிலில் டிப்ளமோ. ஊரில் மூன்று வருஷம் ஊறுகாய் ஜாடி செய்தேன். பிறகு இந்தப் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். இங்கே செய்வது கழிப்பறைப் பீங்கான். ஊரில் யாராவது “என்ன பண்ற?” என்று கேட்டால், “வெள்ளைக்காரனுக்கு ஆசனம் போட்டுக் கொடுக்கிறேன்” என்பேன். இருபது வருஷமாக அதே ஜோக். கேட்கிறவர்கள்தான் மாறுகிறார்கள்.

என் மனைவி ஹெலன், பக்கத்துக் கிராமத்து விவசாயி மகள். அவள் அப்பா ஆர்தருக்கு எழுபத்தெட்டு வயது. மாமியார் போய் ஆறு வருஷமாகிறது. ஆடு, கொஞ்சம் மாடு, மேய்ச்சல் நிலம், ஆற்றோரமாக இரண்டு பெரிய வயல். நான் ஷிஃப்ட் முடித்து வந்து வேலி கட்டுவேன். நான் கட்டிய வேலியை ஆடுகள் ஒரு வேடிக்கையாகத்தான் பார்க்கும்.

எங்களுக்கு ஒரே மகள், பதினாறு வயது. ஆசையாகக் கயல்விழி என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். வீட்டில் கயல். தமிழில் ஐம்பது வார்த்தை தெரியும். அதில் பாதி சாப்பாடு. ஊரில் இருக்கும் என் அண்ணன் வேலுவிடம் போனில், “பெரியப்பா, சாப்பிட்டியா?” என்பாள். “ங்க” போடச் சொல்லி நானும் பத்து வருஷமாகக் கெஞ்சுகிறேன். அண்ணனோ, “வுட்றா, அதுவாவது கேக்குதே. நீ கேக்கறியா?” என்பார். மற்றவர்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பக்கம் விலகிப் போகிறார்கள். என் மகள் விலகிப் போனது ஆட்டுக் கொட்டகைப் பக்கம். என்னைவிட அவள் தாத்தாவோடுதான் அதிகம் இருக்கிறாள். நிலம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் இந்த வீட்டில் அவள்தான்.

இனி ஆர்தர் பேசுவதை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதப் போகிறேன். அர்த்தம் மாறாது. மரியாதை மட்டும் கொஞ்சம் குறையலாம். மாமனார் மருமகனிடம் பேசுவதாயிற்றே.

வரி விஷயம் இதுதான். இதுவரை இங்கே விவசாயி இறந்து நிலம் பிள்ளைக்குப் போனால் வாரிசு வரியில் முழு விலக்கு இருந்தது. அரசாங்கம் அதற்கு ஒரு வரம்பு கட்டியது. வரம்புக்கு மேல் உள்ள மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு வரி. நிலத்தின் விலையோ ஆகாயத்தில். வருமானமோ, ஆர்தரின் கால்சட்டையைப் பார்த்தாலே தெரியும். அறிவிப்பு வந்த அன்று அவர் மேஜையில் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டு, “ஆத்தோர வயலு ரெண்டையும் வித்தாத்தான் கட்ட முடியும். அது போனா ஆட்டுக்கு என்னாத்த போடுறது?” என்றார். அதோடு அந்த உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அது அந்தப் பையிலேயே இருந்தது.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“என்னாடா சொல்ற? செத்ததுக்கு வரியா?”

“செத்ததுக்கு இல்லண்ணா. செத்தவரு நெலம் புள்ளைக்கி வர்றதுக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானடா. இங்க விவசாயி செத்தா எடுத்துப் போடறதுக்கு சர்க்காருல பணம் குடுக்கறான். அங்க புடுங்கறானா? நம்மகிட்ட வாங்குன கிஸ்தி பத்தலன்னு இப்ப அவன் ஆளுங்ககிட்டயே ஆரம்பிச்சிட்டானா?”

அப்போது சிரித்தேன். நான் சிரிக்காத சமயம் எது?

3

போன வருஷம் அப்பாவின் முதல் தெவசத்துக்கு ஊருக்குப் போனேன். படையல் முடிந்த மறுநாள், பட்டாவில் அப்பா பெயரை நீக்க வேண்டும் என்று அண்ணன் என்னை எங்கள் கிராமமான நல்லூரிலிருந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் பதிவு அலுவலகத்துக்கு வந்தார். எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில், ஃபேன் தன் பக்கம் மட்டும் திரும்பும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பத்திர எழுத்தர் கலியபெருமாள். அப்பாவின் செட்டில்மெண்ட் பத்திரத்தை எழுதியவரே அவர்தான். அண்ணனுக்கு மூன்று ஏக்கர், எனக்கு ஒரு ஏக்கர். ஓடிப்போனவனுக்கு அவ்வளவுதான் என்று அப்பா சிரித்துக்கொண்டே எழுதி வைத்தது.

கலியபெருமாள் பத்திரத்தைப் பிரிக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: “மேற்படி சொத்தை என் ஆயுள் வரை நானே அனுபவித்துக்கொண்டு, என் ஆயுளுக்குப் பிறகு…”

“அந்த ஒரு வரிய எதுக்குண்ணே எழுதறீங்க?” என்றேன்.

“எதுக்கா? எழுதிக் குடுத்த மறுநாளே புள்ளைங்க சோறு போடலன்னா? நெலம் புள்ள பேருல, வெளைச்சலு அப்பன் கையில. புள்ளையும் அடங்கி இருப்பான், அப்பனும் நிமுந்து ஒக்காருவாரு. இந்தப் பக்கத்துல அந்த வரி இல்லாத செட்டில்மெண்ட்ட நான் எழுதினதே இல்ல தம்பி.”

அந்த நிமிஷம் எனக்குள் ஒரு மேதை எழுந்து உட்கார்ந்தான். அவனை அங்கேயே ஒரு தட்டு தட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு: நிலத்தை உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஏழு வருஷம் உயிரோடு இருந்துவிட்டால், அந்த நிலத்துக்கு வாரிசு வரி கிடையாது. ஆனால், கொடுத்துவிட்டால் தான் எதை வைத்துப் பிழைப்பது என்பதுதான் ஆர்தரின் பயம். அதற்குத்தான் கலியபெருமாள் கையில் மருந்து இருக்கிறதே! பெயர் மகளுக்கு, விளைச்சல் அப்பாவுக்கு. காகிதத்தில் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

“மாமா பிரச்சினை தீந்துதுண்ணா” என்றேன் பைக்கில்.

“எந்த மாமா?”

“வெள்ளக்கார மாமா.”

“நீ தீத்து வெக்கறியா?” என்று அண்ணன் வண்டியை ஒருமுறை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

திரும்பும்போது ஆர்தருக்கு ஒரு பரிசு வாங்கினேன். மேலே காப்பி நிறம், கீழே வெள்ளை, மூடி போட்ட ஊறுகாய் ஜாடி. ஊரில் எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், எனக்கே தைரியம் வர வேண்டும்.

4

ஆர்தருக்கு வக்கீல் என்றாலே ஆகாது. “வாயத் தொறந்தா மீட்டர் ஓடுது” என்பார். அதனால் என் யோசனை அவருக்கு உடனே பிடித்துவிட்டது. ஹெலன் மட்டும், “யாரையாவது ஒரு வார்த்தை கேட்கலாமே” என்றாள். “எங்க ஊரில் எத்தனையோ காலமாக இப்படித்தான்” என்றேன். இருபது வருஷமாக இந்த நாட்டுக்காரர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியவனுக்கு, நம் ஊர் அறிவைக் கொண்டுவந்து அவர்கள் மேஜையில் வைக்கிற வாய்ப்பு. விடுவேனா?

படிவங்களைத் தேடி எடுத்தேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை கையெழுத்து கோட்டைத் தாண்டிவிட்டதாம். ஒரு தடவை சாட்சி போட்டவர் முகவரியில் ஊர் பெயர் இல்லையாம். மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை. அதுதான் நம் ஊர் அலுவலகம் போல எனக்கு நிம்மதியாக இருந்தது. கோடை முடிவதற்குள் ஆற்றோர வயல் இரண்டும் ஹெலன் பெயருக்கு மாறின. ஆர்தரின் ஆடுகள் அங்கேயே மேய்ந்தன. ஆட்டுப் பணம் அவர் கணக்குக்கே போனது. அந்த ஒரு வரியைக் கலியபெருமாள் பாணியில் நானே ஆங்கிலத்தில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்தோம். அன்று ஆர்தர் எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். திருமணத்தன்றுகூட வாங்கிக் கொடுக்காதவர்.

இலையுதிர் காலத்தில் வருஷக் கணக்குப் பார்க்கிற அம்மாள் வந்தார். டிராயரில் இருந்த காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“வயலை யாருக்குக் கொடுத்தீங்க?”

“ஹெலனுக்கு.”

“அதுல மேயற ஆடு யாருது?”

“என்னுது” என்றார் ஆர்தர்.

“ஆட்டுப் பணம்?”

“எனக்குத்தான்.”

“மகளுக்கு வாடகை?”

“பெத்த மகளுக்கு வாடகையா?”

“அப்ப நீங்க கொடுத்தது எதை?”

அந்த அம்மாள் மெதுவாக விளக்கினார். கொடுத்துவிட்டு அதன் பலனைத் தானே வைத்துக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் அது கொடுத்ததாகவே ஆகாது. ஏழு வருஷக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே இல்லை. அதுமட்டுமல்ல, அப்படித்தான் நடந்தது என்று நாங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறோம்.

“இந்த யோசனை யாருடையது?” என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாய் உட்பட. கலியபெருமாள் ஊரில் அப்பனைக் காப்பாற்ற எழுதும் அதே வரி, இங்கே அப்பனைக் கவிழ்த்துவிட்டது. நான் ஏதோ ஜோக் சொல்லப் பார்த்தேன்.

சரி செய்ய வழி இருக்கிறது, முறைப்படி வாடகை கொடுங்கள், அன்றிலிருந்து ஏழு வருஷம் எண்ணலாம் என்றும் அந்த அம்மாள் சொன்னார். ஆர்தர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். “ஏழு வருஷமா? எம்பத்தஞ்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

5

அதற்குப் பிறகு அவர் அமைதியானார். அமைதி என்றால் கோபமான அமைதி இல்லை. கடையைச் சாத்துவதற்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறவரின் அமைதி. எந்த மருந்து எந்த அலமாரியில், எந்தக் கதவுத் தாழ்ப்பாளை எப்படித் தூக்கிப் போட வேண்டும் என்று கயலுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஹெலனுக்கு அது சந்தோஷம். “அப்பா தேறிட்டாங்க” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நான்தான் எதையும் சரியாகப் பார்த்ததே இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் காலை. வரம்பை அரசாங்கம் நன்றாக உயர்த்திவிட்டது என்று செய்தி வந்தது. கணக்கு அம்மாளுக்குப் போன் செய்தேன். “அநேகமா உங்க பண்ணை வரம்புக்குள்ளேயே வந்துடும்” என்றார். அந்த நாற்பது அடியை அன்று நான் ஓடித்தான் கடந்தேன்.

“மாமா! வயல் தப்பிச்சிது!”

ஆர்தர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “கேட்டேன். ரேடியோவுல சொன்னான்.”

“அவ்ளோதானா? நான் டீ போடறேன். கொண்டாடணும்.”

“போடு.”

சர்க்கரையைத் தேடினேன். அப்போதுதான் அந்த ஊறுகாய் ஜாடி கண்ணில் பட்டது. எப்போதும் ஜன்னலோரம் அழகுக்கு வைத்திருப்பார். அன்று அது அலமாரியின் மேல் தட்டில், பின்னால் தள்ளி இருந்தது. இந்த மனிதர் ஊறுகாய் சாப்பிட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அன்று ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டோம்.

இப்போது எங்கள் வீட்டு ஜாடியைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் நடந்தது. மோர்மிளகாய் எடுக்க அண்ணி ஜாடிக்குள் கையை விட்டார். மேலே மிளகாய். அடியில் மாத்திரை அட்டைகள். இதயத்துக்கு என்று அண்ணன் மாதா மாதம் வேப்பூர் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எட்டு மாதத்து அட்டைகள். அண்ணன் அதைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

“பக்கத்து வூட்டுல வைத்தியம் பாத்து பாத்து ரெண்டு ஏக்கர் போச்சில்ல,” என்றார் அண்ணன். “இழுத்துக்கிட்டுக் கெடந்தா நம்ம நெலமும் போயிடும்னு அன்னிக்கே சொன்னாருடா. நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்.”

அப்பா என்னிடமும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவேன். “எப்பிடிப்பா இருக்கீங்க?” என்றால், “ஆயுசு வரைக்கும் அனுபவிச்சிக்கச் சொல்லி எழுதியிருக்குதே, அனுபவிச்சிக்கிட்டு இருக்கேன். சீக்கிரம் ஒன் ஏக்கர் ஒனக்கு வந்துடும்” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஜோக்கு எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். அவர் ஜோக்கில் எது நிஜம் என்று கண்டுபிடிக்கிற வித்தை மட்டும் வரவில்லை.

ஆர்தரின் சமையலறையில் நாற்காலியைப் போட்டு ஏறினேன். ஜாடியை இறக்கினேன். அசைத்தபோது உள்ளே சத்தம் கேட்டது. மூடியைத் திறக்க என் கை வரவில்லை. விருத்தாசலத்துச் சூளையில் நூற்றுக்கணக்கில் நானே செய்த மூடிதான். திறக்கத் தெரியாதவன் போல நின்றேன்.

கடைசியில் திறந்தேன். உள்ளே அதுதான், ஆர்தர் தினமும் முழுங்க வேண்டிய மாத்திரை. கிழமை கிழமையாகப் பெயர் அச்சடித்த அட்டைகள். பிரிக்காத திங்கள், பிரிக்காத செவ்வாய். நவம்பர் முழுக்க இருந்தது.

6

“கீழ எறங்கு. வுழுந்து தொலைக்கப் போற” என்றார் ஆர்தர்.

“வரம்பைத்தான் ஏத்திட்டாங்களே மாமா.”

“ஒருக்கா மாத்தினவன் மறுபடியும் மாத்துவான். ஏப்ரலுக்கு முன்னாடி போயிட்டா மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. நெலம் அப்படியே புள்ளைக்கி. கயலுக்கு. நானா ஒண்ணும் பண்ணிக்கல, முழுங்கல, அவ்ளோதான். நடக்கறது நடக்கட்டும்.”

குரலில் சலனமே இல்லை. ஆட்டு விலை சொல்கிற குரல். இதில் பாதி என் வேலை. ஏழு வருஷக் கடிகாரத்தை நான் கெடுத்திருக்காவிட்டால், இவர் இந்தக் கணக்குக்கு வந்திருப்பாரா? தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

என்ன சொல்லலாம் என்று யோசிக்கவில்லை. அப்பாவின் ஜாடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் யாரிடமும், ஹெலனிடம்கூட, சொல்லாத விஷயம். மிளகாய், அட்டை, தரையில் உட்கார்ந்த அண்ணன், ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு, எல்லாம். டீ ஆறிப்போனது.

ஆர்தர் ஒரு விவசாயி கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“அந்த ஒரு ஏக்கர்ல இப்ப என்னா போட்டிருக்க?”

“கருவேலம்.”

“அது என்னா பயிரு?”

“முள்ளு மாமா. நான் போடல. அதுவா வந்துது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஒங்கப்பன் இதுக்கா போனாரு?” என்றார். அவ்வளவுதான்.

அன்றே ஹெலனிடம் சொன்னேன். அவள் அழவில்லை; அப்பாவின் சமையலறைக்குப் போய் ஒரு தட்டை உடைத்தாள். நான் வேலை செய்கிற ஊரில் செய்த தட்டு, நல்ல தரம், ஆனாலும் உடைந்தது. டாக்டர் வந்தார், இரண்டு முறை. ஹெலன் தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து மாத்திரை கொடுத்தாள். ஜனவரியில் கணக்கு அம்மாள் சொன்னபடி பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஆர்தர் மகளுக்கு முறையாக வாடகை கட்ட ஆரம்பித்தார். முதல் மாதம் பணத்தைக் கொடுக்கும்போது, “வூட்டுக்காரம்மா, கூரை ஒழுவுது” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். என் பயம் மட்டும் போகவில்லை. ஹெலன் பார்க்காத நாளில் என்ன செய்கிறார்? வாடகை கட்டுவதும் ஒரு நாடகமா? ஜோக்கடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானே அந்த ஜாதி. உள்ளே தீ எரியும்போதுதான் வெளியே வேடிக்கை அதிகமாக வரும். பிப்ரவரி போனது, மார்ச் போனது. காலண்டரில் ஏப்ரல் ஆறு நெருங்க நெருங்க எனக்கு ஒவ்வொரு விடியலும் பரீட்சை ரிசல்ட்டு. ஜன்னலில் விளக்கு எரிந்தால் பாஸ்.

7

இன்று விளக்கு எரியவில்லை.

நாற்பது அடியைக் கடந்தேன். கதவு பூட்டவில்லை. “மாமா” என்றேன். தமிழிலேயே கூப்பிட்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கெட்டில் ஜில்லென்று இருந்தது. நாற்காலி காலி. மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படுக்கையறைக் கதவை விரலால் தள்ளினேன். படுக்கை காலி. போர்வை மடிக்கப்பட்டிருந்தது. அவர் போர்வையை மடித்து நான் பார்த்ததே இல்லை. அது என்னைக் கொன்றே போட்டுவிட்டது.

இறங்கி ஓடினேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. வைக்கோல் கட்டின் மேல் கயல் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் புதிதாகப் பிறந்த இரண்டு குட்டிகள், இன்னும் ஈரம் காயாமல். எதிரே இன்னொரு கட்டின் மேல் ஆர்தர், முழங்கை வரை அழுக்கு, மூக்கின் நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு படிவம்.

“பொணத்தப் பாக்க வந்தியா?” என்றார்.

“இல்ல மாமா. டீ வேணுமான்னு கேக்க…”

“பொய்யி. மூஞ்சப் பாரு, சுண்ணாம்பு. நேத்திலேருந்து இந்த ஆடு கத்திக்கிட்டு கெடந்துது. இவதான் ஒத்தையாவே பாக்கறேன்னா. ரெண்டும் பொழச்சிக்கிச்சி.” அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். “போர்வைய மடிச்சி வெச்சிட்டு வான்னு இவ அம்மாதான் நேத்து சண்டை. மாத்திரையும் முழுங்கியாச்சி. ஜோபியில அட்டை இருக்குது, பாத்துக்க.”

பார்த்தேன். வெட்கத்தை விட்டுப் பார்த்தேன். ஞாயிறு பிரிந்திருந்தது. திங்களும் பிரிந்திருந்தது. வரிக் கணக்குப் போட்ட பழைய உறை அந்தப் பையில் இல்லை.

எனக்கு உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்த இடம் நல்ல இடமில்லை. ஆட்டுக் கொட்டகையில் பார்த்து உட்கார வேண்டும். அவர் கண்டுகொள்ளவில்லை.

“இதப் பாரு. பாஸ்போர்ட்டு. பொறந்ததுலேருந்து நான் எடுத்ததில்ல. பத்து வருஷத்துக்குத்தான் குடுப்பானாம். எனக்கு ஏழு போதும். கொறச்சிக் குடுன்னா காசு கொறைப்பானா?”

“எங்க போறீங்க மாமா?”

“ஒன் ஊருக்கு. குளுரு காலத்துல போலாம்னு கயல் சொல்றா. அந்த ஏக்கர என் கண்ணால பாக்கணும். ஒருத்தரு உசுர வுட்டுக் காப்பாத்தின நெலத்துல முள்ளு இருக்குதுன்னா எனக்குத் தூக்கம் வரல. நாங்க வர்றதுக்குள்ள வெட்டச் சொல்லு.”

முற்றத்துக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே பதினொரு மணி வெயில். முதல் மணியிலேயே எடுத்தார்.

“திங்கக்கெழமையில போன் பண்றியே, என்னாடா? யாருக்கு என்னா ஆச்சி?”

நான் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவேன். மற்ற கிழமையில் எங்கள் போன் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அண்ணனின் மூச்சு எனக்குக் கேட்டது.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலண்ணா. எல்லாரும் இருக்காங்க.”

“அப்புறம் எதுக்குடா பயமுறுத்தற?”

“என் ஏக்கர்ல கருவேலத்த வெட்ட ஆளு கெடைக்குமா?”

அண்ணனுக்குப் பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“கெடைக்கும்” என்றார். “வெட்டிட்டு என்னாத்த போடறது? மல்லாட்டையா, உளுந்தா?”

கொட்டகைப் பக்கம் திரும்பினேன். ஆர்தர் ஒரு குட்டியைத் தூக்கி அதன் தாயிடம் விட்டுக்கொண்டிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர அவருக்கு நேரமாயிற்று. நிமிரும்வரை நான் மூச்சுவிடவில்லை. நாளைக் காலையும் விடமாட்டேன்.

“இருண்ணா,” என்றேன். “மாமாவக் கேட்டுச் சொல்றேன்.”